பழைய வெள்ளிப் பத்துச் சதம்

முன்னேஸ்வரத்தை அண்டிய ஊர்களிலும் சிலாபத்திலும், முதியோர் பெட்டகத்தின் அடியிலே மங்கிய சிறு வெள்ளிக் காசுகள் கிடக்கக்கூடும். அவற்றை உருக்கிக் கொலுசாக்கும் முன் ஆண்டினை நோக்குதல் நன்று.

இலங்கையில் வெள்ளிப் பத்துச் சதம் 1892ஆம் ஆண்டிலே, விக்டோரியா மகாராணியாரின் தலையுருவுடன் வெளிவந்தது. ஒரு புறம் அரசியார். மறுபுறம் ஓலை விரித்த மரம். எடை ஏறத்தாழ 1.17 கிராம், அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி.

முதலாம் உலகப் போரை அடுத்து வெள்ளி விலை ஏறியிருந்த வேளையில், 1919ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பெற்ற ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காசுகளில் வெள்ளி 55 பங்காகக் குறைந்தது. பருமனும் எடையும் மாறாமையால் கண் ஏமாறும். ஆண்டே உண்மையை உரைக்கும். 1917ஆம் ஆண்டுக் காசும் 1919ஆம் ஆண்டுக் காசும் தட்டாரின் தராசில் ஒரே நிறைதான், உலையிலோ ஒன்றல்ல. 1944இல் நிக்கல் கலந்த பித்தளையில், அலைபோன்ற விளிம்புடைய பத்துச் சதம் வந்தது.

சேகரிப்போர் எழுத்துத் தேயாத காசையே உயர்வாக மதிப்பர். ஆகவே புளியிட்டுத் துலக்குதல் தகாது. கறுப்பு, காலம் பூசிய நிறம்; தேய்த்தழித்த எழுத்து மீளாது. உருக்கிய வெள்ளி மீண்டும் வாங்கக் கிடைக்கும். உருக்கிய காசு கிடைக்காது.