நெடுந்தீவுக்கு வேண்டுவது நல்ல துறை

(ஐந்தருவியில் தமிழன்பர்கள் நடுவே ஆற்றப்பெற்ற உரை)



ஐந்தருவியில் வீழும் நீர் சிற்றாற்றிற் கலந்து, சீவலப்பேரியில் பொருநையொடு கூடி, புன்னைக்காயலில் கடலை அடைகின்றது. அக்கடல் தமிழரைப் பிரிக்கும் மதிலன்று, இணைக்கும் வழியே. அவ்வழி அயலார் கையில் இருத்தல் ஆகாதென்றே வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் கப்பற் குழுமம் நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கலஞ் செலுத்தினார். ஆயினும் கலம் மட்டும் போதுமா? ஏறவும் இறங்கவும் நல்ல துறை வேண்டாவா? இவ்வினாவை எழுப்பி நிற்கின்றது நெடுந்தீவு.

யாழ்ப்பாணத்தின் தென்மேற்கே, பாக்கு நீரிணையில், ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் கிடப்பது அத்தீவு. ஒல்லாந்தர் அதற்குத் தம் நகரொன்றின் பெயரைச் சூட்டி 'டெல்ஃப்ட்' என்றனர். அண்டைத் தீவுகளுக்கு அவர் இட்ட பெயர்கள் மறைந்தொழிந்தன. இஃதொன்று மட்டும் இன்னும் ஏடுகளில் ஒட்டிக்கொண்டுள்ளது. அதனைக் களைவது மொழிக்கடனே. ஆனால், மக்கள் அங்கு நிலைத்து வாழ்ந்தாலன்றோ பெயரும் வாழும்?

நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. மாவிலித்துறையில் படகேறிப் புங்குடுதீவின் குறிகட்டுவானில் இறங்கினால்தான் யாழ்ப்பாணத்துக்குச் சாலை. வாடையும் சோழகமும் வலுக்குங்கால் படகு நின்றுபோகும். பேறுகாலத் தாய்க்கும், நோயுற்ற முதியவர்க்கும், தேர்வெழுதச் செல்லும் மாணவர்க்கும் அத்துறையே வாழ்வின் வாயில். வாயில் இடறினால் குடி பெயரும். குடி பெயர்ந்தால் ஊர் பாழாகும்.

அக்கடல்வழி குருதி படிந்ததுமாகும். 1985 மே 15ஆம் நாள் 'குமுதினி'ப் படகில் சென்ற இருபதுக்கு மேற்பட்ட தமிழர், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினரே என உயிர்தப்பியோர் சான்றுரைத்தனர். அம்மக்களுக்குப் பாதுகாப்பு என்பது வெறுஞ் சொல்லன்று.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் கதிரொளியாலும் மின்னாக்கும் திட்டத்தை 2021இல் சீனக் குழுமத்திற்கு அளிக்க இலங்கை அரசு முடிவு செய்தது. இந்திய அரசு மறுத்தது. 2022இல் அத்திட்டம் இந்திய நல்கைக்கு மாறிற்று. வல்லரசுகள் தீவைப் பார்க்கின்றன. தீவின் மக்களைப் பார்ப்பவர் யார்?

வேண்டுவன பெரியன அல்ல. குறிகட்டுவானிலும் மாவிலித்துறையிலும் அலைதடுப்புச் சுவர் வேண்டும். படகு தரைதட்டாவண்ணம் வாய்க்கால் ஆழப்படல் வேண்டும். வழுக்காப் படிகளும் இரவு விளக்குகளும் நிழற்கூடமும் அமைதல் வேண்டும். ஏறுவோரை எண்ணி ஏற்றி, ஒவ்வொருவர்க்கும் மிதவை அங்கி தரல் வேண்டும். எந்நேரமும் புறப்பட அணியமாய் ஒரு மருத்துவப் படகு நிற்றல் வேண்டும். காற்றறிவிப்பும் இடரறிவிப்பும் பிழையற்ற தமிழில் இருத்தல் வேண்டும். துறையின் மேற்பார்வையில் தீவு மக்களுக்கே முதலிடம் வேண்டும்.

காங்கேசன்துறையைச் சீரமைக்க 6.15 கோடி அமெரிக்க டாலர் தர இந்திய அரசு 2024இல் இசைந்தது. நாகையிலிருந்து அங்குக் கப்பலும் 2023இல் விடப்பட்டது. பெருந்துறைக்குக் கிடைக்கும் நல்கையில் ஒரு பங்கேனும் சிறு துறைகளுக்குச் சேரவேண்டுமென ஊர்தோறும் தீர்மானம் இயற்றி விடுத்தல் தமிழ்நாட்டார் கடன்.

நாவாய், வங்கம், தோணி, அம்பி, பஃறி எனக் கலத்திற்குப் பல பெயர் கண்ட இனம் நம் இனம். சொல்லைக் காக்கும் கை, அச்சொல்லுக்குரியோர் அச்சமின்றிக் கால் வைக்க ஒரு படியும் கட்டித் தருக! வாழ்க தமிழ்!