ஸ்வீட் பீ விதைக்கும் பருவம்

இங்கிலாந்தில் மார்ச் மாதம் பிறந்துவிட்டது. இரவில் இன்னும் உறைபனி விழுகிறது, ஆனால் பகல் நீண்டுகொண்டே வருகிறது. லண்டனிலும் லெஸ்டரிலும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஜன்னலோரத்தில் இடம் தேடுகிற நம்மவர்கள், அதில் ஒரு சாண் இடத்தை ஸ்வீட் பீ பூவுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். மல்லிகையும் மருக்கொழுந்தும் மணக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, இந்தக் குளிர் நாட்டில் மனம் நிறைய மணம் தரும் கொடி இது. ஆரஞ்சுப் பூவையும் தேனையும் ஒருசேர நினைவூட்டும் வாசனை. நாலு காம்பு வெட்டி ஒரு குவளையில் வைத்தால் அறை முழுக்க நிறைந்துவிடும்.

இதன் சொந்த ஊர் சிசிலித் தீவும் அதையொட்டிய தென் இத்தாலியும். அந்த ஊரின் பருவத்தைப் புரிந்துகொண்டால், வளர்க்கிற முறையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை வறண்டு கிடக்கும். கோடையில் உதிரும் விதை, மழை வரும்வரை மண்ணில் காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு கெட்டியான தோல். மழை விழுந்ததும் முளைத்து, குளிர் நாட்களிலேயே வேரை ஆழமாக இறக்கி, வசந்தத்தில் பூத்து, வெயில் ஏறுவதற்குள் காய்த்து முடித்துவிட வேண்டும். அந்த அவசரம் இன்றும் அதன் உடம்பில் இருக்கிறது.

முதலில் தோலைப் பார்ப்போம். விதைக்கும் முன் ஒவ்வொரு விதையையும் கத்தியால் கீற வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எல்லா விதைக்கும் அது தேவையில்லை என்பது என் கருத்து. ஓர் இரவு தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை அப்படியே விதைக்கலாம். உப்பாமல் குண்டுமணியாகக் கிடப்பவற்றை மட்டும், முளை வரும் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிடுங்கள். ஓர் இரவுக்கு மேல் ஊற வேண்டாம், அழுகிவிடும்.

அடுத்தது வேர். அகலமான தட்டில் விதைத்தால் வேர் சுருண்டு திணறும். ஆழமான தொட்டி வேண்டும். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமென்பதில்லை. கழிப்பறைத் தாள் தீர்ந்தபின் எஞ்சும் அட்டைக் குழலை நிறுத்தி, மண்கலவை நிரப்பி, ஒரு விரற்கடை ஆழத்தில் விதையை வைத்துவிடலாம். நடும்போது குழலோடு மண்ணில் இறக்கினால் வேர் அலுங்காது. அட்டை தானே மக்கிவிடும். சுண்டெலிக்கு இந்த விதை மேல் அப்படியொரு ஆசை. கொட்டகையில் வைப்பவர்கள் மேலே ஏதாவது மூடி வையுங்கள்.

பலரும் சிரமப்படுவது சூட்டினால்தான். மிளகாய் விதைக்குக் கதகதப்பு வேண்டும் என்பதால் இதையும் ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். ஸ்வீட் பீ முளைக்க 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் போதும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் முளை எட்டிப் பார்க்கும். பார்த்ததும் குளிர்ச்சியான, நல்ல வெளிச்சமான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். வெப்பமான அறையில் நின்றால் நாற்று வெளுத்து, நீண்டு, சாய்ந்துவிடும். குளிரில் நின்றதுதான் குட்டையாக, கெட்டியாக, கரும்பச்சையாக வளரும். வெளிக்காற்றுக்குப் பழகிய நாற்று லேசான உறைபனியையும் தாங்கும். இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அடியிலிருந்து வரும் பக்கக் கிளைகள் முதல் தண்டைவிட வலுவானவை.

ஏப்ரலில் வெளியே நடலாம். ஓர் அடி இடைவெளி, தொழுவுரம் கலந்த மண், ஆறடி மூங்கில் குச்சிகள். முதலில் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிட்டால், பிறகு இலை நுனியிலுள்ள பற்றுக்கம்பிகளால் தானே பிடித்து ஏறும். நத்தையிடமிருந்து மட்டும் இளநாற்றைக் காக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் பூ வரத் தொடங்கும். இங்கேதான் அந்தச் சிசிலி அவசரம் குறுக்கே வரும். ஒரு காய் முற்றினாலும், வந்த வேலை முடிந்தது என்று கொடி பூப்பதைக் குறைத்துவிடும். ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது பூக்களை வெட்டுங்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், பூஜையறையில் வையுங்கள். வெட்ட வெட்டப் பூக்கும்.

எந்த விதையை வாங்குவது? அதற்கு இந்தப் பூவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிசிலியில் இருந்த பிரான்செஸ்கோ குபானி என்ற துறவி 1696-ல் இந்தச் செடியைத் தம் நூலில் பதிவு செய்தார். 1699-ல் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் யூவ்டேல் என்ற ஆசிரியருக்கு விதை அனுப்பினார். அந்தப் பூவின் மேலிதழ் கருஞ்சிவப்பு, பக்க இதழ்கள் ஊதா. பூ சிறியது, மணம் பெரியது. பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷ்ரோப்ஷயரின் வெம் என்ற சிற்றூரில் ஹென்றி எக்ஃபோர்டு என்ற தோட்டக்காரர் பொறுமையாக ஒட்டுச் சேர்த்து, பூவைப் பெரிதாக்கி, பல வண்ணங்களை உண்டாக்கினார். 1901-ல் ஆல்தார்ப் மாளிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் சைலஸ் கோல், அலையலையான இதழ்களோடு 'கவுன்டஸ் ஸ்பென்சர்' என்ற வகையைக் காட்சிக்கு வைத்தார். கண்ணுக்கு அது பெரு விருந்து. ஆனால் உருவத்துக்கும் நிறத்துக்கும் முன்னுரிமை கொடுத்த அடுத்தடுத்த வகைகள் பலவற்றில் மணம் குறைந்துபோனது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. அதனால் 'குபானி', 'மாட்டுகானா', 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே வரும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமான 'பெயின்டட் லேடி' ஆகியவற்றில் ஒன்றை முதலில் வாங்குங்கள். காம்பு குட்டை, பூ சிறிது, பரவாயில்லை.

அறிவியலிலும் இந்தப் பூவுக்கு ஒரு கதை உண்டு. இது மொட்டு விரியும் முன்பே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். அதனால்தான் 1875-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் தம் பரம்பரை ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுத்து, அளவுவாரியாகப் பிரித்த விதைகளை நண்பர்களுக்கு அனுப்பி வளர்க்கச் செய்தார். பெரிய விதையின் வாரிசுகள் தாயை விடச் சற்றுச் சிறுத்து, சராசரியை நோக்கித் திரும்பின. புள்ளியியலில் பின்னடைவு என்று இன்று படிக்கும் கருத்துக்கு அதுதான் தொடக்கம். அதன்பின் கேம்பிரிட்ஜில் பேட்சன், பன்னெட் என்ற இரு மரபியல் ஆய்வாளர்கள் இரண்டு வெள்ளைப் பூச்செடிகளை ஒட்டுச் சேர்த்தபோது, பிறந்த செடி ஊதாவாகப் பூத்தது. நிறத்துக்கு வேண்டிய இரண்டு காரணிகளில் ஆளுக்கொன்று இரண்டு வெள்ளைச் செடிகளிலும் தங்கியிருந்திருக்கிறது!

தானே கருவுறுவதால் நாம் எடுத்துவைக்கும் விதையும் பெரும்பாலும் தாயைப் போலவே பூக்கும். ஆகஸ்ட் கடைசியில் சில காய்களை மட்டும் கொடியிலேயே விட்டுவிடுங்கள். பழுப்பு நிறமானதும், முறுக்கிக்கொண்டு வெடிக்கும் முன் பறித்துக் காகித உறையில் போட்டுப் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

பார்க்கப் பட்டாணி போலவே இருக்கும் இந்தக் காயை யாரும் சாப்பிடக் கூடாது. இந்தியாவில் 1961-ல் விற்பனைக்குத் தடை வந்த கேசரிப் பருப்பு இதன் நெருங்கிய உறவு. ஸ்வீட் பீயின் விதையிலும் நஞ்சு உண்டு. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் விதை உறையை உயரத்தில் வையுங்கள். கொடி காய்ந்தபின் வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிடுங்கள். அந்த வேர் முடிச்சுகளில் உள்ள தழைச்சத்து, அடுத்து அங்கே வைக்கப்போகும் கீரைக்கு உதவும்.