வைட்டமின் டியும் தளர்ந்த இருதயமும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

சம்பளம், போனஸ், மர எண்ணிக்கை, வீடு, தண்ணீர் என்று பேசியே பழகிய மேடை இது. இன்று மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "சங்கத்துக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. போராடிப் பெற்ற கூலி எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்று கவனிப்பதும் சங்கத்தின் கடமையே. உழைத்து ஓய்ந்த உடம்பை எது காக்கும், எது காக்காது என்று தெரிந்துகொள்வது அதைவிடப் பெரிய கடமை.

அண்மைக் காலமாக, சம்பள நாளைப் பார்த்து நம் வட்டாரத் தோட்டங்களுக்கு வைட்டமின் டி மாத்திரைப் போத்தல்கள் வருகின்றன. கையில் காசில்லாவிட்டால் தவணைக்கும் கிடைக்கின்றன. "இருதயம் தளர்ந்தவர்களுக்கு இதுவே கைகண்ட மருந்து" என்ற பேச்சும் அவற்றோடு வருகிறது. அந்தப் பேச்சு மெய்யா பொய்யா என்று நிறுத்துப் பார்ப்பதே நமது இன்றைய வேலை.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். டாக்டர்கள் ஹார்ட் பெயிலியர் என்று சொல்லும்போது, இருதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமல்ல. இரத்தத்தை இறைக்கும் பம்பு தளர்ந்துவிட்டது என்றே அர்த்தம். மாரடைப்பு, நெடுநாள் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். பம்பு தளர்ந்தால் இரத்தம் பின்னால் தேங்குகிறது. காலில் நீர் கோத்து வீங்குகிறது. நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு வாங்குகிறது. ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொள்கிறார். "வயசாகிப் போச்சு, அதனால்தான் களைப்பு" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லிலேயே பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

அடுத்து, இந்த வைட்டமின் டி என்பது என்ன? மீனெண்ணெய் குழந்தைகளின் எலும்பு வளைவை மாற்றுகிறது என்பதை ஆராய்ந்தபோது கண்ட சத்து இது. 1922-இல் மெக்காலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைத் தனிச் சத்து என்று பிரித்துக் காட்டினார். இத்தகைய பொருள்களின் ஆராய்ச்சிக்காக ஜெர்மானியரான விண்டாவுஸ் 1928-இல் நோபல் பரிசு பெற்றார். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் தோலில் படும்போது நம் உடம்பே இதை உண்டாக்குகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன. சாப்பாட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்று எலும்பில் சேர்க்க இது வேண்டும்.

"மரம் வெட்டுகிறவனுக்கு வெயிலுக்கா பஞ்சம்?" என்று நீங்கள் சிரிக்கலாம். பஞ்சம் வரலாம், தோழர்களே! குளிர்ந்த நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் விடுகிறது. ஆகவே நாம் விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போகிறோம். காலைச் சாய்வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. தலைக்கு மேலே இலைக்கூரை. கொசுவுக்கு அஞ்சி முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கருத்த தோலுக்கு அதே அளவு சத்தை உண்டாக்க அதிக நேரம் வெயில் வேண்டும். கிராணிமார்களான எங்கள் நிலையும் இதுதான். ஆபீஸ் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை விடும்; அந்தக் கதிரை விடாது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் மலேசியாவிலும், முக்கியமாகப் பெண்களிடையே, இந்தச் சத்துக் குறைவு சாதாரணமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, இருதயத்துக்கும் இதற்கும் எப்படி முடிச்சு விழுந்தது? அந்த முடிச்சு முழுக்க வியாபாரிகள் போட்டதல்ல. இருதயம் தளர்ந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்த டாக்டர்கள், அவர்களில் பலருக்கு வைட்டமின் டி குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2002-இல் எலிகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், இந்தச் சத்து வேலை செய்யாதபடி பிறந்த எலிகளுக்கு ரெனின் என்ற சுரப்பு அளவு மீறியது தெரிந்தது. ரெனின் மிகுந்தால் இரத்தக் கொதிப்பு ஏறும், இருதயத்துக்குப் பளு கூடும். எனவே, குறைந்ததை நிரப்பினால் இருதயம் தேறும் என்று நல்ல டாக்டர்களே நம்பினார்கள்.

ஆனால் இரண்டு காரியங்கள் சேர்ந்து வருவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மழை நாளில் லயத்துக் குடைகள் எல்லாம் வெளியே வருகின்றன. அன்றைக்குப் பாலும் குறைகிறது. குடைகளைப் பூட்டி வைத்தால் பால் கூடிவிடுமா? இருதயம் தளர்ந்தவர் நாலடி நடந்தால் மூச்சு வாங்கி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். பசியும் இல்லை, வெயிலும் இல்லை. ஆகவே நோயே அந்தச் சத்தைக் குறைத்திருக்கலாம் அல்லவா?

இதைத் தீர்க்க ஒரே வழி நேர்மையான சோதனை. பால் நிறுக்கும் தராசு இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்று நாம் வாதாடுகிறோமே, அதே நியாயம்தான் இங்கும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்கு மெய்யான மாத்திரை. மறு பாதிக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. கடைசியில்தான் கணக்கைத் திறக்கிறார்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இப்படி நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. வைட்டமின் டி குறைந்திருந்த இருதய நோயாளிகள் 229 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு ஓராண்டுக்குத் தினம் 4,000 யூனிட், அதாவது 100 மைக்ரோகிராம். இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு, மெய்யான மாத்திரை எடுத்தவர்களுக்கு நூற்றுக்குச் சுமார் 6 அளவு உயர்ந்தது. இது நல்ல சேதிதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சோதனை முதன்மையாகக் கேட்ட கேள்வி, ஆறு நிமிஷத்தில் அவர்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது. அந்த நடையில் முன்னேற்றம் இல்லை.

ஜெர்மனியில் 400 நோயாளிகளுக்கு மூன்றாண்டு நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. அதே 4,000 யூனிட் அளவு. சத்து மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேரும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 18 பேரும் மாண்டார்கள். இந்தச் சிறு வித்தியாசத்தைக் கணக்கு வித்தியாசமென்று கொள்வதில்லை. உயிரைக் காக்கவில்லை என்பதே அதன் பொருள். ஆனால் இருதயத்துக்கு உதவியாக இயந்திரப் பம்பு பொருத்தவேண்டிய நிலைக்கு வந்தவர்கள், வெறும் மாத்திரைப் பக்கம் நூற்றுக்கு 9. சத்து மாத்திரைப் பக்கம் 15-க்கு மேல். மாத்திரைதான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் "எடுத்தால் நஷ்டமா வரப்போகிறது?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

நோய் வராமலாவது தடுக்குமா? அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, தினம் 2,000 யூனிட் கொடுத்து ஐந்தாண்டுக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று 2018-இலும், இருதயத் தளர்ச்சியால் ஆஸ்பத்திரியில் முதன்முதல் சேர்வது குறையவில்லை என்று 2020-இலும் அறிவித்தார்கள். நியூசிலாந்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் ஒருமுறை பெரிய அளவு கொடுத்துப் பார்த்த சோதனையும் 2017-இல் இதே முடிவைத்தான் சொன்னது.

அப்படியானால் வைட்டமின் டி வீண் பொருளா? அல்ல. இரத்தச் சோதனையில் குறைவு தெரிந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் டாக்டர் கொடுப்பார், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வளர்ந்தவர்களுக்குத் தினம் 600 யூனிட், 70 வயதுக்கு மேல் 800 யூனிட், எந்த நிலையிலும் தாமாக 4,000 யூனிட்டைத் தாண்டலாகாது என்று 2010-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வரையறுத்தது. இந்தச் சத்து சிறுநீரில் கழிந்து போவதல்ல, கொழுப்பில் தங்குவது. மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறும். வாந்தி, மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம், சிறுநீரகக் கல் வரும். டிகாக்சின் என்ற இருதய மாத்திரை எடுப்பவருக்குத் துடிப்பே தாறுமாறாகலாம். தயசைட் வகை நீர் மாத்திரை எடுப்பவருக்கும் சுண்ணாம்பு எளிதில் மிஞ்சும். ஆகவே எந்தப் போத்தலை வாங்கினாலும் அதை டாக்டரிடம் காட்டாமல் திறக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வேறொன்று. நம் வட்டாரத்தில் முப்பது ஆண்டு மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர். நீர் மாத்திரை போட்டால் பஸ்ஸில் போக முடியவில்லை என்ற சங்கடம் அவருக்கு. "இதைச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரி மருந்தே வேண்டாம்" என்று விற்க வந்தவர் சொன்னதை நம்பி, எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்கவைத்தார்கள். போத்தல் செய்த கெடுதலைவிட, போத்தலை நம்பி நிறுத்திய மருந்து செய்த கெடுதலே அதிகம். நீர் மாத்திரை சங்கடமானால், எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாமே!

உயிரைக் காக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய மாத்திரை, கடுமையான நோயாளிகளின் இறப்பைச் சுமார் 30 விழுக்காடு குறைத்ததை 1999-இல் நிரூபித்தார்கள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்தச் சோதனையைக் காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். எனலாப்ரில் போன்றவை, பிசோப்ரோலால் போன்றவை, 2019-இல் மெய்ப்பிக்கப்பட்ட டாபாகிளிப்ளோசின் ஆகியவையும் அந்த வரிசையில் நிற்கின்றன. இவற்றைத் தூக்கிக்கொண்டு சம்பள நாளில் லயத்துக்கு யாரும் வருவதில்லை. நாம்தான் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

ஆகவே, கிளையின் சார்பில் நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: ஆஸ்பத்திரி மருந்தை டாக்டர் சொல்லாமல் யாரும் நிறுத்தக்கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கி இருதயத்தை மேலும் தளரவைக்கும். அவற்றையும் கேட்டே வாங்குங்கள்.

இரண்டு: சங்கக் கட்டடத்தில் ஒரு நிறுவை இயந்திரம் வைப்போம். நோயாளிகள் காலையில் சாப்பிடுமுன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே கிளினிக்குக்குப் போகவேண்டும்.

மூன்று: உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பு, பாக்கெட் மீ ஆகியவற்றில் உப்பு ஒளிந்திருக்கிறது. போத்தல் வாங்கும் காசில் புது மீனும் முட்டையும் வாங்கினால் வைட்டமின் டியும் ஓரளவு கிடைக்கும், வீட்டார் பசியும் தீரும்.

நான்கு: "ஒருநாள் கூலி போகுமே" என்று கிளினிக்குப் போகாதிருக்க வேண்டாம். வேலை செய்ய முடியாதென்று டாக்டர் சான்று தந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைந்ததற்கு 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள்வரை தனி. இனி உழைக்கவே முடியாதென்ற நிலை வந்தால், நிபந்தனைகள் பொருந்தும் பட்சத்தில் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். மனு எழுதித் தர எங்கள் கை இருக்கிறது. அதற்குக் காசு இல்லை.

தோழர்களே! நமக்கு வேண்டியது மெய்யான மருந்து, மெய்யான விடுப்பு, மெய்யான சேதி. தவணைக்கு வாங்கிய நம்பிக்கையால் தளர்ந்த இருதயம் நிமிராது. பக்கத்து வீட்டில் யாருக்காவது கால் வீங்கியிருக்கிறதா, யாராவது தலையணையை அடுக்கிப் படுக்கிறார்களா என்று இன்றைக்கே விசாரியுங்கள். இருந்தால், நாளைக் காலையில் அவரைத் தனியே விடாமல் கூடவே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.