விக்கிப்பீடியாவில் நம் பக்கம் ஏன் நிற்கவில்லை?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் இரண்டு பேர் கேட்ட கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல என்னை நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர், "சங்கத்துக்கு வெள்ளிவிழா வருது, விக்கிப்பீடியாவுல ஒரு பக்கம் போட்டுடலாமே" என்றார். இன்னொருவர், தன் அண்ணன் பெயரில் போட்ட பக்கம் இரண்டே நாளில் காணாமல் போனதைச் சொல்லி, "காசு குடுத்துப் போட்டது சார், யாரோ பொறாமையில தூக்கிட்டாங்க" என்று வருத்தப்பட்டார். தமிழ் விக்கிப்பீடியாவில் நான் சில வருடமாக எழுதிவருவதால் செயலாளர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

முதலில் அண்ணன் விஷயம். பொறாமை காரணம் இல்லை. தூக்கியவருக்கு உங்கள் அண்ணன் யாரென்றே தெரிந்திருக்காது.

பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. பழைய நூலகங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் இடம் வேண்டும் என்று யாரும் நேராகப் போய் எழுதிவிட முடியாது. ஆசிரியர் குழு இருந்தது, அச்சுச் செலவு இருந்தது, பக்கத்துக்குக் கணக்கு இருந்தது. விக்கிப்பீடியாவில் இது எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் 2001இலும் தமிழில் 2003இலும் தொடங்கியபோதே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வைத்துவிட்டார்கள். அப்படி வைத்ததால்தான் சம்பளம் வாங்காத ஆட்களைக் கொண்டே தமிழில் 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்ட முடிந்தது. அதே காரணத்தால்தான் விளம்பரமும் உள்ளே நுழைகிறது.

நீங்கள் ஒரு பக்கத்தைச் சேமித்த உடனே அது 'அண்மைய மாற்றங்கள்' என்ற பட்டியலில் வந்துவிடும். அதைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற தன்னார்வலர்கள் உண்டு. பகலில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு, இரவில் இதைப் பார்ப்பவர்கள். "சமூகச் சேவையில் தன்னிகரற்றவர், இளைஞர்களின் விடிவெள்ளி, பல விருதுகளுக்குச் சொந்தக்காரர்" என்று ஒரு கட்டுரை வந்தால், கீழே கைப்பேசி எண்ணும் இருந்தால், அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நீக்கல் அறிவிப்பு ஒட்டுவார். அதை யாரும் ஒட்டலாம். உண்மையில் நீக்குகிற பொத்தான் நிர்வாகிகளிடம் மட்டும்தான் உண்டு. அப்பட்டமான விளம்பரமானாலும், வேறு தளத்திலிருந்து அப்படியே நகலெடுத்ததானாலும் விரைவு நீக்கம்தான். சொந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒட்டினாலும் நகல் நகல்தான். "என்னுடையதைத்தானே நான் எடுத்தேன்" என்பார்கள். அது உங்களுடையதுதானா என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சந்தேகமான கட்டுரையானால் உரையாடலுக்குப் போகும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்குப் பொதுவாக ஏழு நாள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அது வாக்கெடுப்பு இல்லை. சொந்தக்காரர் இருபது பேரைச் சேர்த்து "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று எழுதவைத்தால் எடுபடாது. இப்படி ஆள் திரட்டியது தெரிந்தால் சந்தேகம்தான் கூடும். கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஆளைப் பற்றி, இந்த நிறுவனத்தைப் பற்றி, இவரோடு சம்பந்தமில்லாத யாராவது, எங்காவது, விரிவாக எழுதியிருக்கிறார்களா?

இதற்குத்தான் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். பெயரைக் கேட்டு நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. "அப்ப எங்க அப்பா குறிப்பிடத் தகாதவரா?" என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டார்கள். அப்படி இல்லை அம்மா. நாற்பது வருடம் தோல் மண்டியில் கணக்கெழுதி, நான்கு பெண்களைக் கரையேற்றி, ஊர்க்காரர் சண்டைகளையெல்லாம் தீர்த்துவைத்த மனிதரைவிட, இரண்டு படத்தில் நடித்துவிட்டுக் காணாமல் போனவருக்குப் பக்கம் இருக்கலாம். யார் பெரியவர் என்று அங்கே யாரும் தராசு பிடிப்பதில்லை. படிக்கிறவர் சரிபார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் பேச்சு. நிறுவனமே கொடுத்த செய்திக்குறிப்பு, காசு வாங்கிப் போடும் சிறப்பிதழ், தொழில் முகவரிப் பட்டியல் எதுவும் இதற்குச் சான்றாகாது. நாம் சொன்னதை நாமே மறுபடி சொல்வது மாதிரிதான் அவை.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். நம் சங்கம் மாதிரிக் குடிமக்கள் சேர்ந்த அமைப்புதான். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கெடுதல் நடக்கும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தோல் ஆலைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானது என்ற ஆய்வும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இன்றைக்குச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் எங்கோ கேரளத்திலும் அஸ்ஸாமிலும் உட்கார்ந்து வேலூர் பெயரைப் படிக்கிறார்கள். அந்த அமைப்பு தன்னைப் பற்றி ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. நீதிமன்றம் எழுதிவிட்டது, சட்டப் புத்தகங்கள் எழுதிவிட்டன.

இதையே திருப்பிப் பாருங்கள். ஆலைக்காரரே தன் ஆலையைப் பற்றிய கட்டுரையை எழுதினால் அதில் என்ன இருக்கும்? எந்த நாட்டுக்கு ஏற்றுமதி, எத்தனை பேருக்கு வேலை, என்ன விருது, எல்லாம் இருக்கும். பாலாறு இருக்குமா? சொந்தக் கதையைச் சொந்தக்காரர் எழுதக்கூடாது என்கிற விதியின் முழு அர்த்தமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

"ஒரு சின்ன விளம்பரம், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்காக இன்னொன்று சொல்கிறேன். ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் நினைவிருக்கும். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அது பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் இல்லை. 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், எம்பிஏ, பிபிஏ, பிசினஸ் ஸ்கூல் போன்ற சொற்களை அந்த நிறுவனம் பயன்படுத்தக்கூடாது என்று தடை விதித்தது. இத்தனை காலமும் ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த நிறுவனத்தின் கட்டுரை எப்படி இருந்தது? 'வைஃபையொன்' என்ற புனைபெயரில் ஒரு பயனர், 2010இலேயே நிர்வாகி ஆனவர், விமர்சனங்களைக் குறைத்தும் நல்லதைக் கூட்டியும் வருடக்கணக்கில் எழுதிவந்தார். மற்ற பயனர்கள் திருத்த வரலாற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். 2015இல் அங்குள்ள நடுவர் குழு விசாரித்து, நிர்வாகிப் பொறுப்பைப் பறித்து, அவரைத் தளத்திலிருந்தே தடை செய்தது. நியூஸ்வீக் இதழ்வரை செய்தியானது. ஆனால் அதற்குள் எத்தனை குடும்பம் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, நல்ல இடம் என்று நம்பிக் கட்டணம் கட்டியிருக்கும்? பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் விக்கிப்பீடியாவைப் பார்க்கிற பழக்கம் இப்போது நம் தெருவிலும் வந்துவிட்டது. கட்டணம் நம் பணம்.

சரி, அண்ணன் காசு கொடுத்த கதைக்கு வருகிறேன். "விக்கிப்பீடியா பக்கம் போட்டுத் தருகிறோம், நிரந்தரம், உத்தரவாதம்" என்று போன் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று தொழில் செய்கிறவர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், டாக்டர்கள் எல்லாருக்கும் வருகிறது. இது உலகம் முழுக்க நடக்கும் வியாபாரம். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கும்பலின் 381 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கினார்கள். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? யாருடைய வரைவுக் கட்டுரை விளம்பரம் என்று நிராகரிக்கப்படுகிறதோ அவரைத் தேடிப்பிடித்து, "பணம் கொடுங்கள், ஏற்றித் தருகிறோம்" என்பது. ஏற்றிய பிறகு, "யாராவது அழிக்காமல் பார்த்துக்கொள்ள மாதாமாதம் கொடுங்கள்" என்பது. மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் சின்ன வியாபாரிகள், கலைஞர்கள். அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்: விக்கிப்பீடியா கட்டுரைக்கு யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. எந்த நிர்வாகிக்கும் உங்கள் பக்கத்துக்கு உத்தரவாதம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. "உள்ளே ஆள் இருக்கு" என்று சொல்பவர் பொய் சொல்கிறார். உண்மையிலேயே ஆள் இருந்தால் அது இன்னும் மோசம்.

காசுக்கு எழுதுவது அடியோடு குற்றமா என்றால், இல்லை. 2014 ஜூனிலிருந்து பயன்பாட்டு விதியே இருக்கிறது: யாருக்காக, யாரிடம் பணம் வாங்கி எழுதுகிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தரகர்கள் அதைச் சொல்வதே இல்லை. சொன்னால் கட்டுரையை நாலு பேர் உற்றுப் பார்ப்பார்களே!

கூகுளில் மேலே வரலாம் என்றும் ஆசை காட்டுவார்கள். அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறி 2007இலிருந்தே வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு சங்கதி. பக்கம் நின்றுவிட்டால் அது உங்கள் சொத்து இல்லை. உங்கள் மேல் வழக்கு வந்து, அது நாளிதழில் செய்தியானால், அந்தச் செய்தியும் அங்கே ஏறும். எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் சான்று இருந்தால் எடுக்க மாட்டார்கள். யார் எப்போது எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பது 'வரலாறு' என்ற இடத்தில் அப்படியே நிற்கும். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே திருத்தினார் என்பது 2005இல் அம்பலமானது இந்த வரலாற்றுப் பக்கத்தால்தான். நிறுவியவருக்கே சலுகை இல்லை என்னும்போது நமக்கு எங்கே?

ஆக, நம் சங்கத்துக்குக் கட்டுரை வேண்டாம் என்பது என் கருத்து. தெருவிளக்கு, குடிநீர், குப்பை வண்டி என்று நாம் செய்தது நமக்குப் பெரிது. அதை நம் மடலில் விரிவாக எழுதுவோம். ஆனால் நம் மடலை நமக்கே சான்றாகக் காட்ட முடியாது. தலைவர் ஐயா முகம் கொஞ்சம் வாடுகிறது, தெரிகிறது.

ஆனால் ஊர் இருக்கிறதே! சோழர் கல்வெட்டுகளில் முதலில் மெய்க்கீர்த்தி வரும். ராஜராஜன் காலத்திலிருந்து அது வழக்கம். அரசர் எந்தெந்த நாட்டை வென்றார் என்ற புகழ்ச்சி, அரசரே வெட்டச் சொன்னது. அதற்குப் பிறகு வருவது எத்தனை ஆடு, எத்தனை விளக்கு, எந்த நிலம் என்ற கணக்கு. வரலாறு எழுதுகிறவர்கள் புகழ்ச்சியை வேறு சான்றோடு ஒத்துப் பார்த்த பிறகே நம்புவார்கள்; கணக்கைத்தான் ஆவலாகப் படிப்பார்கள்.

நம் வழித்துணைநாதர் கோயில் கோபுரத்தில் அப்படி ஒரு கல்வெட்டு இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் போய் வருகிறோம். விஜயநகரத் தேவராயர் காலம், 1425ஆம் ஆண்டு வாக்கில் வெட்டியது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்களில் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் எல்லாரும் கூடி ஒரு ஒப்பந்தம் செய்கிறார்கள்: கல்யாணத்தில் பெண்ணைத் தானமாகத்தான் கொடுக்க வேண்டும், பெண்ணுக்காகப் பொன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது, மீறினால் அரச தண்டனை, சமூக விலக்கு. இதை ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1890இல் வெளியிட்டார். நமக்குச் சொந்தமோ பந்தமோ இல்லாதவர், நம் ஊரைப் பற்றி அச்சில் போட்டு நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதைவிடச் சுதந்திரமான சான்று வேண்டுமா?

மதிலழகுக்குப் பேர்போன ஊர், சிம்மக் குளம், நிழலைப் பார்த்து நேரம் சொல்லும் கல், இவை எல்லாவற்றையும் எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். நேரம் காட்டும் கல்லைப் பற்றி வாட்ஸ்அப்பில் விதவிதமான வருடம் சுற்றுகிறது. எந்த வருடத்தைப் போட்டாலும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கையில் புத்தகம் இல்லையென்றால் வருடத்தை விட்டுவிட்டு, கல்லை நீங்களே படம் எடுத்துப் போடுங்கள். வட ஆற்காடு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலேயர் காலத்தில் காக்ஸ் எழுதிய மேனுவல் இருக்கிறது, பின்னால் ஸ்டூவர்ட் திருத்தி வெளியிட்டதும் இருக்கிறது. இரண்டையும் புரட்டினால் வேலை கிடைக்கும்.

ஆசை உள்ளவர்கள் அவரவர் பெயரிலோ புனைபெயரிலோ கணக்குத் தொடங்குங்கள். சங்கத்தின் பெயரில் வேண்டாம். ஒரு கணக்கு ஒரு ஆளுக்குத்தான். முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பழகுங்கள், எது செய்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பொதுவான ஒரு பக்கம் உண்டு, அதற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியவரைப் பற்றிய கட்டுரை ஏற்கனவே இருந்து, அதில் தவறு இருந்தால், நீங்களே மாற்றாமல் உரையாடல் பக்கத்தில் சான்றோடு சொல்லுங்கள். வேறொருவர் பார்த்துத் திருத்துவார். அண்ணன் பக்கத்தை நீக்கியவரையும் அங்கேயே காரணம் கேட்கலாம், மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்வார்கள். பின்னாளில் அவரைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால், நீக்கிய பக்கத்தை நிர்வாகிகள் மீட்டெடுக்கவும் முடியும்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், கோபுர வாசலில் கூடுவோம். ஹுல்ட்ஷ் தொகுதியில் அந்தக் கல்வெட்டு வரும் பக்கங்களை அச்செடுத்து வருகிறேன். கல்லோடு வரி வரியாக ஒத்துப் பார்த்துவிட்டு, சங்க அறைக்கு வந்து மேற்கோள் போடப் பழகலாம். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை ஏற்றிக்கொண்டு வாருங்கள். வெள்ளெழுத்து உள்ளவர்கள் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், எழுத்து ரொம்பப் பொடி.