சாதனைப் பெண்களின் சொல் நமக்கு எதற்கு?

(பிள்ளையார்குப்பத்தில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



களையெடுப்பு நேரம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதக் கூட்டத்தில் சாதனைப் பெண்கள் சிலரைப் பற்றிப் பேசினோம். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "அவங்க எல்லாம் பெரிய மனுஷிங்க, நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. அதைக் கேட்டா எனக்குத் தவணை குறையுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நாங்களும்தான். ஆனால் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

மகளிர் தினம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெரியவர்களின் படத்தை மாட்டுகிறோம். கீழே ஒரு வாசகம் எழுதுகிறோம். கோலப்போட்டி நடத்திப் பரிசு கொடுக்கிறோம். மறுநாள் அந்த வாசகம் என்னவென்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. தப்பு நம்மேல்தான். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்தச் சொல் எந்த இடத்தில், யார் முன்னால், என்ன கஷ்டத்தில் வந்தது என்று பார்க்கவில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்கு அதில் ஏதாவது கிடைக்கும். மூன்று பேரைப் பார்ப்போம்.

முதலில் குஜராத்தில் உள்ள அகமதாபாத். அங்கே இலா பட் என்று ஒரு வக்கீல் அம்மா. தலைச்சுமை தூக்குகிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள், பழைய துணி வியாபாரம் செய்கிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்து 1972-ல் 'சேவா' என்ற சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தைப் பதிவு செய்யப் போனால், "உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று கேட்டார்கள். இலா அம்மா சொன்ன பதிலின் சாரம் இதுதான்: சங்கம் யாரையும் எதிர்ப்பதற்கு என்று இல்லை, வேலை செய்கிறவர்கள் ஒன்றாக இருப்பதற்கு. இந்த ஒரு பதிலுக்காக அவர்கள் அதிகாரிகளிடம் எத்தனையோ தடவை நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் பதிவு கிடைத்தது.

அடுத்து கடன் பிரச்சினை. வங்கிக்குப் போனால் இந்தப் பெண்களை யாரும் மதிக்கவில்லை. வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். அப்போது கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, நாம் ஏழைகள்தான், ஆனால் நிறையப் பேர் இருக்கிறோமே, நாமே ஒரு வங்கி ஆரம்பித்தால் என்ன என்று கேட்டார். இதைக் கேட்டது வக்கீல் அம்மா இல்லை. பழைய துணி விற்கிற ஒரு சாதாரண உறுப்பினர். நம்மைப் போல ஒருத்தி. இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு வங்கியா என்று பதிவு செய்கிற அதிகாரி தயங்கினார். அந்தப் பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகி, மறுநாள் கையெழுத்துப் போட்டார்கள். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குப் பணம் போட்டு 1974-ல் வங்கி தொடங்கியது. கையெழுத்துப் போடத் தெரியாத உறுப்பினர்களுக்கு, கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி எடுத்த போட்டோவையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். ஆக, "நிறையப் பேர் இருக்கிறோமே" என்ற சொல்லுக்குப் பின்னால் 10 ரூபாயும், தூங்காத ஒரு ராத்திரியும் இருந்தது.

இரண்டாவது, நம்ம தமிழ்நாட்டு சின்னப்பிள்ளை அம்மா. மதுரைப் பக்கம் புல்லுச்சேரி கிராமம். விவசாயக் கூலி. பள்ளிக்கூடம் போகாதவர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூட்டிக்கொண்டு போவார். கூலி பேச வேண்டும் என்றால் நிலக்காரர் முன்னால் நின்று பேசுவது அவர்தான். பிறகு களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுவில் சேர்ந்து, பல ஊர்ப் பெண்களுக்குத் தலைவியாக வளர்ந்தார். 2001 ஜனவரியில் டில்லியில் 'ஸ்திரீ சக்தி' விருது கொடுத்தபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

பிரதமர் காலைத் தொட்ட படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவருடைய பேச்சு வரப்பு மேட்டில் தொடங்கிவிட்டது. இத்தனை ஆள் வந்திருக்கிறோம், இவ்வளவு வேலை, இவ்வளவு கூலி என்று கணக்கோடு பேசுகிற பேச்சு அது. நம்மில் எத்தனை பேர் அப்படிப் பேசுகிறோம்? நடவுக்குப் போகிற பாகூர், வில்லியனூர் பெண்களுக்கு அந்தப் பேச்சு தெரியாதா? நன்றாகத் தெரியும். வயலில் பேசுகிற அதே வாய், குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்ததும் ஏன் மூடிக்கொள்கிறது?

மூன்றாவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில், பலபேர் எதிர்ப்புக்கு நடுவில் சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு சென்னை மாகாணச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர் ஆனார். சின்னப் பெண் குழந்தைகளுக்குக் கோவிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927-ல் அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். அதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1947-ல். இருபது வருடம்.

தங்கை புற்றுநோயில் இறந்த துக்கம் அவர் மனதில் இருந்துகொண்டே இருந்தது. 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்கு அந்தத் துக்கமும் ஒரு காரணம். ஒருமுறை சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் சீக்கிரம் சோர்ந்துபோகிறோம். அவர் ஒரு சொல்லுக்காக இருபது வருடம் காத்திருந்தார். சும்மா காத்திருக்கவும் இல்லை, வேலை செய்துகொண்டே காத்திருந்தார்.

சரி, இதெல்லாம் பெரிய ஊர்க் கதை. நம்ம பக்கம் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா. அவர் பெயரில் குழுக் கடன் 20,000 ரூபாய் வாங்கி, வீட்டு ஆண் உறவினர் ஒருவர் எடுத்துக்கொண்டார். இரண்டு தவணை கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். அக்கா மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. "மாமியாருக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி அனுப்பினார். குழுவில் மற்றவர்களுக்குக் கோபம். தவணைக்காக வேறு இடத்தில் வாரவட்டிக்கு வாங்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அக்கா போய்விட்டார். வெளியே சொன்னால் வீட்டு மானம் போகும், சொல்லாவிட்டால் குழு போகும். இந்த இக்கட்டில் நம்மில் பலர் இருந்திருக்கிறோம்.

அப்போது நடந்த ஒரு பயிற்சியில் இந்த அகமதாபாத் கதையைச் சொன்னோம். அந்த அக்காவும் வந்திருந்தார். முடிந்ததும் எங்களிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒரே ராத்திரியில கையெழுத்து கத்துக்கிட்டாங்களா?" ஆமாம் என்றோம். வேறொன்றும் பேசாமல் போய்விட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வந்தார். கணக்கு எழுதுகிற பெண்ணிடம், "என் பக்கத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிம்மா" என்றார். படித்தாள். அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. பிறகு அக்கா, "இந்தப் பணம் என் கைக்கு வரல. ஆனா என் பேர்ல இருக்கு. நான் கட்டறேன், எனக்குக் கொஞ்சம் தவணை நீட்டிக் கொடுங்க. வாங்கினவரையும் கூப்பிட்டுக் கேளுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கை நடுங்கியது, நாங்கள் பார்த்தோம்.

குழு அன்றே தீர்மானம் எழுதியது. உறவினரை நான்கு பேர் போய்ப் பார்த்தார்கள். பாதியைத் தான் கட்டுவதாக ஒப்புக்கொண்டார். சில மாதம் கட்டுகிறார், சில மாதம் இல்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். இன்னும் எட்டுத் தவணை பாக்கி. ஆனால் அக்கா வாரவட்டிக்குப் போகவில்லை. ஒரு கூட்டத்தையும் விடவில்லை. இப்போது யாருக்குக் கடன் கொடுத்தாலும், "பணம் யார் கையில போகுது?" என்று முதலில் கேட்பது அவர்தான்.

போன மாதம் கேள்வி கேட்ட அம்மாவே, இதுதான் எங்கள் பதில். பெரியவர்கள் சொன்னதைக் கேட்பதால் தவணை குறையாது. ஆனால் அந்தச் சொல், நம் தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிற நம் சொல்லை வெளியே இழுத்து விட்டால், ஒரு வழி திறக்கும்.

இன்னொன்று. வழிகாட்டுகிறவர்கள் டில்லியிலும் சென்னையிலும் மட்டும் இல்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கிய ஊர்களில் பிள்ளையார்குப்பமும் ஒன்று. வைக்கோலில் காளான் வளர்ப்பது போன்ற தொழில்களை அப்போது நம் பகுதிப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெரியம்மாக்களிடம் போய்க் கேளுங்கள். முதல் தடவை பயிற்சிக்குப் போக வீட்டில் என்ன சொல்லி அனுமதி வாங்கினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலும் எழுதி வைக்க வேண்டிய சொல்தான்.

இப்போது ஒரு வேலை கொடுக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவிலும் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, இன்று கேட்ட மூன்று பேரில் உங்களுக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி, கூட்டத்துக்கு வராத ஒரு உறுப்பினரிடம் உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். படித்துக் காட்ட வேண்டாம்.

இரண்டு, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை யோசியுங்கள். கூலி பற்றி இருக்கலாம், கடன் பற்றி இருக்கலாம், மகளின் மேல்படிப்பு பற்றி இருக்கலாம். முதலில் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லிப் பழகுங்கள். பிறகு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்.

மூன்று, உங்கள் பக்கத்தைக் கணக்கு நோட்டில் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்களும் கேளுங்கள்.

ஒருத்தி எழுந்து பேசும்போது மற்றவர்கள் சிரிக்காமல் இருக்க வேண்டும். போன மாதம் நாங்களும் சிரித்தோம். அந்த அம்மாவிடம் இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அவர் கேட்காமல் இருந்திருந்தால் இன்றைய பேச்சே இல்லை.