வீட்டுத்தோட்டத்தை விலங்குகளிடமிருந்து காப்பது எப்படி?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொந்தக் காணிக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். கொட்டில் போட்டாகிவிட்டது, கிணறும் இறைத்தாகிவிட்டது. விதைப் பைக்கற்றும் மண்வெட்டியும் கைக்கு வந்துவிட்டன. அடுத்து என்ன நடுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். அதற்கு முன்னர் நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: நட்டதை யார் சாப்பிடப் போகிறார்கள்? உங்கள் பிள்ளைகளா, காட்டுப் பன்றியா?

நீங்கள் இல்லாத ஆண்டுகளில் காணிகள் பற்றையாகிவிட்டன. பன்றி, குரங்கு, மயில், முள்ளம்பன்றி எல்லாம் அங்கே குடியிருக்கப் பழகிவிட்டன. விட்டுப்போன மாடுகளும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. வேலி இல்லாமல் கச்சான் போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். காய் முற்றிய நேரத்தில் ஒரே இரவில் பன்றிகள் வந்து நிலத்தை உழுததுபோல் கிளறிவிட்டுப் போயின. விதையும் போயிற்று, மூன்று மாத உழைப்பும் போயிற்று. ஆகவே முதலில் வேலி, பிறகு விதை.

முதற் போகத்தில் காணி முழுவதையும் அடைக்க நினைக்காதீர்கள். ஒரு ஏக்கர் காணி சதுரமாக இருந்தாலும் அதன் சுற்றளவு 800 அடிக்கு மேல் வரும். அவ்வளவு வேலிக்குத் தடியும் இல்லை, ஆளும் இல்லை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரு துண்டைத் தெரிவு செய்யுங்கள். அதற்கு 100 அடி வேலி போதும். கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, கீரை எல்லாம் அந்தத் துண்டில் அடங்கும். வீட்டில் பேச்சுச் சத்தமும் வெளிச்சமும் இருப்பதால் விலங்கும் கிட்ட வரத் தயங்கும்.

வேலிக்குத் தடி எங்கே எடுப்பது? இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று உங்களுக்கு அறிவிக்கப்படாத பற்றைக்குள் தடி வெட்டப் போகாதீர்கள். பழைய மண் அணை, காவலரண், பதுங்கு குழி ஆகிய இடங்களில் முட்கம்பி கிடக்கிறது. வேலிக்கு நல்ல கம்பி என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் மிதிவெடிகள் கூடுதலாகப் புதைக்கப்பட்டது அப்படிப்பட்ட இடங்களிலேதான். அந்தக் கம்பியில் கை வைக்காதீர்கள். மண்டையோட்டு அடையாளமுள்ள சிவப்புப் பலகையையும் எல்லைத் தடிகளையும் பிடுங்கி வேலிக்குப் பாவிக்காதீர்கள். அது அடுத்து வருபவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

கதியால் தேவையென்றால், முன்னரே ஆட்கள் குடியேறிய ஊர்களில் உறவினரிடமும் அயலவரிடமும் கேளுங்கள். சீமைக்கிளுவை, கிளுவை, பூவரசு, முள்முருக்கை எல்லாம் கதியாலாக நட்டால் தளிர்க்கும். மணிக்கட்டுப் பருமனில் 6 அடி நீளமாக, கூரிய கத்தியால் பட்டை கிழியாமல் அடியைச் சரிவாக வெட்டுங்கள். ஒன்றரை அடி ஆழத்தில், அடிக்கு ஒன்றாக நடுங்கள். 100 அடிக்கு ஏறக்குறைய 100 கதியால் வேண்டும். மாரி மழை தொடங்கும்போது, ஐப்பசி கார்த்திகையில் நட்டால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பிறகு சீமைக்கிளுவைக் குழை பசளையுமாகும், ஆட்டுக்குத் தீனியுமாகும்.

குழி தோண்டும்போது மண்வெட்டியில் உலோகம் எதுவும் பட்டால் உடனே நிறுத்துங்கள். தொடவோ தூக்கிப் பார்க்கவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் மறித்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். துப்பரவு செய்த பற்றையைக் குவித்து எரிக்கும் முன்னும் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நெருப்புப் பட்டால் பழைய வெடிபொருள் வெடிக்கும்.

இனி ஒவ்வொரு விலங்காகப் பார்ப்போம்.

பன்றி பெரும்பாலும் வேலியைத் தாண்டுவதில்லை. அடியில் மூக்கைக் கொடுத்து நெம்பித்தான் கூடுதலாக உள்ளே வரும். ஆகவே உயரத்தைவிட அடிப்பகுதிதான் முக்கியம். கதியால்களோடு சேர்த்து அரை அடி ஆழத்தில் வாய்க்கால்போல் வெட்டி, பனை மட்டைகளை நெருக்கமாக நிறுத்தி, மண் போட்டு மிதித்து இறுக்குங்கள். இடுப்பளவு உயரம் போதும். வெளிப்புறம் அடியோடு முள் அலம்பலைப் போடுங்கள். மரவள்ளி, வத்தாளை, கச்சான் மூன்றும் பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் மிகவும் பிடித்தவை. இவற்றை வேலிக்கு வெளியே வைக்காதீர்கள். மிளகாயையும் தேசியையும் அவை அவ்வளவு நாடுவதில்லை. ஓரத்தில் அவற்றை நடலாம்.

குரங்குக்கு வேலி தடையல்ல. தோட்டத்துக்கு மேலே நீட்டி நிற்கும் கொப்புகளைத் தறித்துவிடுங்கள். எஞ்சிய சோற்றையும் பழத்தோலையும் வெளியில் வீசாமல் குழியில் போட்டு மூடுங்கள். ஒரு நாள் சாப்பாடு கிடைத்த இடத்துக்குக் குரங்கு மறுநாளும் வரும். வெருளி வைத்தால் இரண்டு நாளுக்கொருமுறை இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அதன் தலையிலேயே ஏறி இருக்கும். காலையிலும் பின்னேரத்திலும் ஆள் நிற்பதுதான் பெரிய காவல். அயல் வீடுகளோடு முறை வைத்து நில்லுங்கள்.

மயில் முளையைக் கொத்தும். நாற்றுமேடைக்கு மேலே பழைய மீன்வலையைக் கட்டுங்கள். வலை இல்லையென்றால் முளைத்து வரும்வரை கிடுகைத் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள்.

எலியும் அணிலும் தென்னையில் ஏறாமல் இருக்க, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு அடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடியுங்கள். நெல் மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கொட்டிலைச் சுற்றிப் புல்லைச் செருக்குங்கள். எலி வந்தால் அதன் பின்னால் பாம்பும் வரும். பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

யானை வந்தால் யாரும் கிட்டப் போகாதீர்கள். கிராம அலுவலர் மூலம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். யானை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. அதைக் கொல்வது குற்றமாகும்.

செய்யக்கூடாதவை சில உண்டு. வேலிக் கம்பிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள். கட்டுத்துவக்கு, பன்றி வெடி, கம்பிச் சுருக்கு எதுவும் வைக்காதீர்கள். அவை பன்றிக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும், விறகுக்குப் போகும் அம்மாவும் அதே பாதையால்தான் வருகிறார்கள். எலி மருந்தையும் திறந்த இடத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. தோட்டத்துக்குள் வந்த மாட்டையோ குரங்கையோ துரத்தும்போது, வேலி தாண்டியதும் நின்றுவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கோபத்தில் ஓடுகிறவன் எங்கே கால் வைக்கிறான் என்று பார்ப்பதில்லை.

கட்டாக்காலி மாட்டுக்கு அடித்தோ வெட்டியோ சண்டையை வளர்க்காதீர்கள். குறியைப் பார்த்தால் சொந்தக்காரர் யார் என்று தெரியவரும். அவரும் உங்களைப்போல எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், தன் மாட்டைத் தேடுகிறவராக இருக்கலாம். பயிர்க் காலத்தில் மாடுகளைக் கட்டி மேய்ப்பது, மேய்ச்சலுக்கு எந்த இடம் என்பதையெல்லாம் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.

ஆண் துணை இல்லாத வீடுகளும், வயதானவர்களும், காயப்பட்டவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். 100 அடி வேலியைத் தனியாக அடைப்பது கடினம். ஐந்து வீட்டார் சேர்ந்து முறைவைத்து ஒவ்வொரு வீடாக அடையுங்கள். முதல் வேலி அந்த வீடுகளுக்கே ஆகட்டும்.

இந்தக் கிழமை துண்டை அளந்து நான்கு மூலைக்கும் தடி நடுங்கள். அடுத்த கிழமை கதியாலும் மட்டையும் சேருங்கள். வேலி முடிந்த பிறகு விதைப் பைக்கற்றைத் திறவுங்கள். பயிர்பற்றிய சந்தேகங்களைக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம்.

விதை தவறினால் அடுத்த போகத்துக்கு மீண்டும் கேட்டு வாங்கலாம். கால் போனால் வாங்க முடியாது. கவனமாக இருங்கள். உங்கள் தோட்டத்துக் கத்தரிக்காய் உங்கள் வீட்டுச் சட்டிக்கே வரட்டும்.