அடைக்கலமா, ஒளித்துவைப்பா?

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ரியோ கிராண்டே நதியின் கரையில், எல்பாசோ என்னும் நகரம் உள்ளது. நதியைக் கடந்தால் மெக்சிக்கோ. இந்நகரிற் கத்தோலிக்கர் சிலர் 1978ஆம் ஆண்டில் ஓர் அடைக்கல இல்லத்தைத் தொடங்கினர். மரியன்னைக்குத் தேவதூதன் உரைத்த மங்கள வார்த்தையின் பெயரையே அதற்கு இட்டனர். ஆங்கிலத்தில் அனன்சியேஷன் இல்லம். எல்லை கடந்து வந்தோர்க்கு அங்கே உணவும் உடையும் படுக்கையும் கிடைத்தன. அவர்களுட் பலரை அவ்வில்லத்திற் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மத்திய அரசின் எல்லை அதிகாரிகளே. நேயர்கள் இதனை மனத்திலிருத்திக்கொள்ளல் வேண்டும்.

2024 பெப்ரவரி 7ஆம் நாள், மாநிலச் சட்டமா அதிபர் கென் பாக்ஸ்டனின் அலுவலர் இல்லத்துக்கு வந்து, அதன் ஏடுகளைக் காட்டுமாறு கேட்டனர். கொடுத்த தவணை ஒரே நாள். எவ்வெவற்றைக் காட்டக் கடமையுண்டு என்று அறிய இல்லத்தார் நீதிமன்றத்தை நாடினர். சட்டமா அதிபரோ, இல்லத்தின் பதிவையே இரத்துச் செய்து அதனை மூடக் கோரி எதிர்வழக்கிட்டார். வந்தோரை ஒளித்துவைப்பதும் மனிதரைக் கடத்துவதும் அவர் சாட்டிய குற்றங்கள்.

அவர் கையாண்டது மிகப் பழைய ஆயுதம். 'எந்த அதிகாரத்தால்?' என்று பொருள்படும் இலத்தீன் பெயர் கொண்ட வழக்கு அது. இரண்டாஞ் சார்ள்ஸ் மன்னன் 1683இல் இலண்டன் மாநகரின் சாசனத்தைப் பறித்ததும் இதனைக் கொண்டே.

ஒரு நிறுவனத்தின் ஏடுகளை அரசு பார்வையிடுவது முறையற்றதன்று. அறநிலையமாயினும் கணக்குக் காட்டவேண்டியதே. சிக்கல் 'ஒளித்தல்' என்னும் சொல்லில் இருக்கிறது. குடியிருக்க இடங்கொடுப்பது மட்டும் ஒளித்தலாகாது, அதிகாரிகளின் கண்ணுக்குப் படாமல் மறைத்தலும் வேண்டும் என்று, டெக்சாஸ் சட்டத்துக்கு மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2017இற் பொருள் கூறியிருந்தது. அதிகாரிகளே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும் வீட்டை ஒளிப்பிடம் என்றால், அச்சொல்லுக்குப் பொருள்தான் ஏது?

2024 யூலையில் மாவட்ட நீதிபதி பிரான்சிஸ்கோ டொமிங்கஸ் இல்லத்தின் பக்கமே தீர்ப்பளித்து, சட்டமா அதிபரின் நடத்தையைப் பொறுக்கவொண்ணாதது எனக் கடிந்தார். அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 2025 மே 30ஆம் நாள் மாநில உயர் நீதிமன்றம் அதனைப் புரட்டி, மூடக் கோரும் வழக்கைத் தொடரச் சட்டமா அதிபருக்கு இடமளித்தது. இல்லம் குற்றம் இழைத்ததா என்பதை அது தீர்க்கவில்லை. அவ்வினாவுக்கு இன்னும் காலம் வரவில்லை என்றே கூறி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பிற்று.